வாணிப மாணவனும் பொதுக் கல்வியும்

சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, முன்னர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். பையன் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கல்லூரியில் வாணிபவியல் பயில இடம் பெற்றிருந்தான். மகிழ்ச்சிக்குரிய செய்திதான், ஆயினும் பையன் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். கல்லூரி அனுப்பியிருந்த பாடத்திட்டத்தை என்னிடம் நீட்டினான். ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி, கணிதம், ஆய்வுக்கூடப் பயிற்சியோடு கூடிய ஓர் அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது தத்துவம், ஒரு நுண்கலை, பிறநாட்டுப் பண்பாடு என்று முதற் பக்கம் முழுவதும் பொதுக் கல்விப் பாடங்களே நிறைந்திருந்தன. கணக்கியலும் விற்பனையியலும் இரண்டாம் பக்கத்தில்தான் தலைகாட்டின.

"ஐயா, நான் வாணிபம் படிக்கப் போகிறேன். வானியலும் ஓவிய வரலாறும் எனக்கு எதற்கு? பாடத்துக்கு இவ்வளவு என்று அப்பா பணம் கட்டவேண்டியிருக்கிறதே!" என்றான் பையன்.

தந்தை ஒன்றும் பேசவில்லை. அவர் வங்கியில் கடன் பெற்றுத்தான் மகனை அனுப்புகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, 'எந்தப் படிப்பும் வீண்போகாது' என்று பொதுப்படச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தவன். ஓர் ஏற்பாடு ஏன் இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், அது எவ்வாறு வந்தது என்று தேடிப் பார்ப்பதே என் வழக்கம். அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் ஒரு பழைய வழக்கில் கிடைத்த தீர்ப்பு. சில வரிகள் இன்னும் தீராத வழக்குகள். அந்த வழக்குகளின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். நம் நாட்டில் வணிகவியல் பயிலும் மாணவர்களுக்கும் அக்கதையில் பங்கு உண்டு.

அமெரிக்கக் கல்லூரிகளுள் மூத்தது 1636-இல் தோன்றிய ஹார்வர்டு. அங்கும், அதன்பின் தோன்றிய கல்லூரிகளிலும், நெடுங்காலம் மாணவர்க்குத் தெரிவு என்பதே கிடையாது. இலத்தீனும் கிரேக்கமும், தருக்கமும் கணிதமும், இறுதியாண்டில் அறநூலும் எல்லாருக்கும் ஒரே பந்தியாகப் பரிமாறப்பட்டன. தொழில் பெருகப் பெருக, 'இந்தப் பழைய பாடங்கள் யாருக்கு உதவும்?' என்ற முணுமுணுப்பும் வளர்ந்தது. 1828-இல் யேல் கல்லூரி ஆசிரியர்கள் ஓர் அறிக்கையில் அதற்கு மறுமொழி எழுதினார்கள். மனத்திற்குப் பயிற்சி தருவது ஒன்று, மனத்தில் செய்திகளை நிரப்புவது மற்றொன்று. முன்னதே கல்லூரியின் தலையாய கடமை. தொழிலைத் தொழிற்களத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வணிகர் மக்களும் அவ்வாறே செய்தார்கள். கல்லூரிப் பக்கமே போகாமல், ஏதேனும் ஒரு வணிக நிலையத்தில் எழுத்தராக அமர்ந்து தொழில் கற்றவர்களே மிகுதி. வேறு சிலர் நகரங்களில் தோன்றிய வாணிபப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்து, கணக்குப் பதிவும் அழகிய கையெழுத்தும் வங்கி நடைமுறையும் சில மாதங்களில் கற்று வெளியேறினார்கள். பிற்காலத்தில் எண்ணெய் வாணிபத்தில் பெருஞ்செல்வம் திரட்டிய ஜான் டி. ராக்பெல்லர் 1855-இல் கிளீவ்லாந்து நகரில் அத்தகைய பள்ளி ஒன்றில்தான் கணக்கு எழுதப் பழகினார். நம் ஊர்களில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்பித்த நிலையங்களை உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். ஏறக்குறைய அதே வகை.

இந்த நிலையை மாற்றியவர் பிலடெல்பியா நகரத்து ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபர். நிக்கலும் இரும்பும் உருக்கிப் பொருளீட்டியவர். அவர் 1881-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற்கு 1 லட்சம் டாலர் வழங்கி, ஒரு வாணிபப் பள்ளி நிறுவச் செய்தார். பல்கலைக்கழகம் ஒன்றினுள் வேரூன்றி நிலைத்த முதல் அமெரிக்க வாணிபப் பள்ளி அதுவே. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் பதிவை மட்டும் கற்றால் போதாது, அரசியலும் பொருளியலும் சட்டமும் கற்று நாட்டுக்குப் பயன்படவேண்டும் என்பது அவர் விருப்பம். தொடக்கத்தில், பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுப் பொதுப்படிப்பை முடித்தவர்களே அப்பள்ளியின் பாடங்களுக்குள் நுழைந்தார்கள். இன்றும் அமெரிக்காவில் பல கல்லூரிகளில் முதலிரண்டு ஆண்டு பொதுப் பாடங்களும் அடிப்படைப் பாடங்களும் படித்து, மூன்றாம் ஆண்டில்தான் மாணவன் வாணிபப் பள்ளியில் முழுமையாகச் சேர்கிறான். பையன் கையிலிருந்த தாளின் இரண்டு பக்கங்களுக்கும் அதுவே மூலம் என்று சொல்லலாம்.

வார்ட்டனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பாடநூல்களில் இதை அதிகம் காண முடியாது. அவர் நன்கொடையோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே தந்தார். அயல்நாட்டுச் சரக்குகளுக்குச் சுங்கவரி விதித்து உள்நாட்டுத் தொழிலைக் காக்கவேண்டும் என்னும் கொள்கை அங்கே கற்பிக்கப்படவேண்டும். கட்டற்ற வாணிபக் கொள்கைக்கு இடந்தரக் கூடாது என்பது அவர் கட்டளை. நிக்கலும் இரும்பும் விற்றவருக்கு அக்கொள்கை எவ்வளவு ஆதாயமானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வாணிபக் கல்விக்கு வெளியே நின்று அதை எடைபோடக் கற்பிக்கும் பாடங்கள் மாணவனுக்கு ஏன் வேண்டும் என்று யாரேனும் என்னைக் கேட்டால், தத்துவ நூல்களைத் தேடிப் போகமாட்டேன்; இந்த நிபந்தனையைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவேன்.

இதே காலத்தில் ஹார்வர்டில் வேறொரு புயல் வீசிக்கொண்டிருந்தது. 1869-இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் சார்லஸ் எலியட், வேதியியல் ஆசிரியர், வயது முப்பத்தைந்து. நாற்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்த அவர், கட்டாயப் பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கி, மாணவன் தன் விருப்பப்படி பாடங்களைத் தேர்ந்துகொள்ள வழிசெய்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கே எஞ்சியிருந்த கட்டாயப் பாடம், முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றே எனலாம். புதிய அறிவியல்களுக்கும் புதிய மொழிகளுக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது இதனால்தான். அதை மறுக்கக் கூடாது. ஆனால் விருப்பம் என்பது வகுப்பறைக்குள் வரும்போது பல வேடங்கள் போடும். எந்த ஆசிரியர் எளிதாக மதிப்பெண் தருவார், எந்த வகுப்பு காலை உறக்கத்தைக் கெடுக்காது என்று பார்த்துப் பாடம் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரு துறையிலும் ஆழம் காணாமல், தொடக்கப் பாடங்களையே மேய்ந்துவிட்டுப் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள்.

1909-இல் எலியட்டுக்குப் பின் வந்த லாவல் இதற்கு ஓர் அணை போட்டார். ஒவ்வொரு மாணவனும் ஒரு துறையில் ஆழ்ந்து பயிலவேண்டும்; அதே நேரத்தில் பிற துறைகளிலும் குறிப்பிட்ட அளவு பரவலாகப் பயிலவேண்டும் என்று விதி வகுத்தார். 'இந்தப் பகுதியில் இரண்டு பாடம், அந்தப் பகுதியில் ஒரு பாடம்' என்று இன்று மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பும் கட்டங்கள் அங்கே பிறந்தவை. அவை யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து மாணவனைத் தொல்லைப்படுத்தப் போட்ட திட்டமல்ல; முழுக் கட்டாயத்தையும் முழு விருப்பத்தையும் மாறிமாறிப் பார்த்தபின் இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். சமரசங்களுக்கு உரிய குறையும் அதில் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி, பையன் மிகவும் கவலைப்பட்ட 'கிரெடிட்' கணக்கிற்கு வருவோம். வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று ஒரு பருவம் முழுவதும் நடக்கும் வகுப்புக்கு ஒரு கிரெடிட். பெரும்பாலான பாடங்களுக்கு மூன்று. பட்டத்திற்கு வழக்கமாக 120. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதுக் கல்விக்கு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்வித் தத்துவத்திலிருந்து அன்று; ஆசிரியர்களின் ஓய்வூதியத்திலிருந்து!

எஃகு வாணிபத்தில் உலகப் புகழ்பெற்ற ஆண்ட்ரு கார்னகி, தொழிலுக்குப் போகிறவனுக்குக் கல்லூரியின் பழைய மொழிப் பாடங்களால் பயனில்லை என்று வெளிப்படையாகவே ஏளனம் செய்தவர். அவரே 1905-இல், முதுமையில் வாடும் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க 1 கோடி டாலர் அளித்தார். அதை நிர்வகிக்கக் கார்னகிக் கல்வி அறக்கட்டளை அமைந்தது. ஓய்வூதியம் கல்லூரி ஆசிரியருக்கு என்றால், கல்லூரி என்பது எது? அந்நாளில் உயர்நிலைப் பள்ளி அளவிலேயே இருந்துகொண்டு கல்லூரி என்று பலகை மாட்டியவையும் இருந்தன. எனவே அறக்கட்டளை ஓர் அளவுகோல் வகுத்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஓராண்டு, ஏறத்தாழ 120 மணி நேரம் பயின்றால் ஓர் அலகு. அத்தகைய 14 அலகுகள் முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்வதே கல்லூரி என்றது. ஓய்வூதியத்தை இழக்க எந்தக் கல்லூரி விரும்பும்? சில ஆண்டுகளில் நாடே அந்த அளவுகோலுக்கு வந்து சேர்ந்தது.

பின்னர் 1910-இல், அதே அறக்கட்டளைக்காக மாரிஸ் குக் என்னும் பொறியாளர் ஓர் அறிக்கை எழுதினார். இவர் தொழிற்சாலைகளில் ஒவ்வோர் அசைவையும் நேரமிட்டு அளந்த பிரடெரிக் டெய்லரின் வழிவந்தவர். ஒரு மாணவன், ஒரு மணி நேரம் என்பதை அலகாகக் கொண்டு கல்லூரியின் உழைப்பையும் செலவையும் அளக்கலாம் என்றார். ஆக, வாணிப மாணவன் தன் பொதுக் கல்வியைக் கூட்டிக் கழிக்கும் அந்த எண்ணே ஓய்வூதியப் பேரேட்டிலும் தொழிற்சாலைக் கணக்கிலும் பிறந்த எண்! இதைக் கேட்டபோதுதான் பையன் முதன்முதலாகச் சிரித்தான். அந்த அறக்கட்டளையின் முதல் தலைவர் ஹென்றி பிரிட்செட் தொழிலால் ஒரு வானியல் அறிஞர் என்பதையும் அவனுக்குச் சொன்னேன்.

கணக்கைக் குறைகூற எனக்கு உரிமை குறைவு. மணியடித்தால் ஒரு பாடவேளை முடிந்தது, பாடவேளை முடிந்தால் பாடம் முடிந்தது என்று பதிவேட்டில் ஆண்டுக்கணக்காக எழுதியவன் நான். கால அட்டவணை இல்லாமல் பள்ளி நடவாது. ஆனால் 120 என்பது கல்வியின் அளவன்று, அமர்ந்திருந்த நேரத்தின் அளவு. இந்த வேறுபாட்டை அறியாத மாணவன், குறைந்த உழைப்பில் கிரெடிட் தரும் பாடம் எது என்று தேடுவான். ஒரு பாடத்திற்கு அவன் தந்தை கட்டும் தொகை எளிய பாடமானாலும் கடிய பாடமானாலும் ஒன்றே. விலை ஒன்றாக இருக்கும்போது சொத்தைக் காயைப் பொறுக்கி எடுப்பவனை எந்தச் சந்தையிலும் நல்ல வணிகன் என்று சொல்லமாட்டார்கள்.

பொதுக் கல்வி என்னும் எண்ணத்திற்கு உயிர் ஊட்டியவை இரண்டு உலகப் போர்கள். முதற் போரின்போது அமெரிக்கக் கல்லூரிகளில் படைப்பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு, இந்தப் போர் எதற்கு என்று விளக்கும் பாடம் ஒன்று நடத்தினார்கள். போர் முடிந்ததும் நியூயார்க்கின் கொலம்பியாக் கல்லூரி, அமைதிக்கும் அதுபோல் ஒரு பாடம் வேண்டுமல்லவா என்று எண்ணி, 1919-இல் 'இக்கால நாகரிகம்' என்னும் பாடத்தைத் தொடங்கி, முதலாண்டு மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. வரலாறு, பொருளியல், அரசியல், தத்துவம் என்ற வேலிகளைப் பிரித்துவிட்டு, ஒரே கேள்வியைச் சுற்றி அவற்றைக் கூட்டியது அப்பாடம். நூறாண்டு கடந்தும் அது அங்கே நடந்துவருகிறது.

இரண்டாம் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943-இல், ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கானண்ட் பன்னிருவர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார். அதன் அறிக்கை 1945-இல் வெளிவந்தது. அட்டையின் நிறம் கருதி அதைச் 'செந்நூல்' என்றே வழங்குவர். பல்வேறு தொழில்களுக்குப் பிரிந்து போகிறவர்கள் குடிமக்களாக ஓரிடத்தில் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பொதுமொழியை யார் கற்பிப்பது என்பதே அந்நூலின் கேள்வி. அது வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லை. போர்வீரர் மறுவாழ்வுக்காக 1944-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் உதவியால் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரி வாயிலில் வந்து நின்றார்கள். உழவர் மக்களும் தொழிலாளர் மக்களும் அவர்களுள் பலர். அவர்களிற் பலருக்கு வேண்டியது வேலை; வேலைக்கு அருகில் இருந்த படிப்பு வாணிபம். வாணிபப் பள்ளிகள் பெருகின, பாடங்களும் பெருகின. ஒவ்வொரு தொழில் நுணுக்கத்திற்கும் ஒரு பாடம் என்று கிளைத்துக்கொண்டே போயிற்று.

1959-இல் இரண்டு அறிக்கைகள் ஒரே ஆண்டில் வெளிவந்து அந்தப் பெருக்கத்தை உலுக்கின. போர்டு அறக்கட்டளைக்காக கார்டன், ஹவல் என்னும் இருவரும், கார்னகிக் குழுமத்திற்காகப் பியர்சன் என்பவரும் அவற்றை எழுதினார்கள். மூவரும் பொருளியல் கற்பித்தவர்கள். இருவேறு நிறுவனங்கள் தனித்தனியே ஆராய்ந்தும் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வாணிபப் பள்ளிகள் மிகக் குறுகிய செய்முறைகளைக் கற்பிக்கின்றன. அச்செய்முறைகள் மாணவன் தலைமைப் பதவிக்கு வருமுன் மாறிவிடும். பாடத்தின் தரமும் தாழ்ந்திருக்கிறது என்றார்கள். நான்காண்டுப் படிப்பில் குறைந்தது பாதியளவு பொதுக் கல்வியாக இருக்கட்டும் என்பது கார்டன், ஹவல் இருவரின் பரிந்துரை. இன்றைய வாணிப மாணவன் நுண்கணிதத்தையும் புள்ளியியலையும் உளவியலையும் ஏன் சந்திக்கிறான் என்றால், அந்த இரண்டு நூல்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இவ்வளவும் கல்லூரிக்காரர்கள் பேச்சு. வாணிபம் நடத்துகிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று பையனின் தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு வரலாறு ஒரு விந்தையான விடை வைத்திருக்கிறது.

பென்சில்வேனியாவின் பெல் தொலைபேசி நிறுவனம், 1950-களின் தொடக்கத்தில் தன் மேலதிகாரிகளைப் பற்றி ஒரு கவலை கொண்டது. வேகமாக மேலேறி வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் பொறியியலோ வாணிபமோ படித்தவர்கள். கொடுத்த கேள்விக்கு விடை காண வல்லவர்கள். எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்திற்கு வந்தபோதுதான் தடுமாறினார்கள். ஆகவே 1953-இல் நிறுவனம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தோடு கூடி, ஓர் ஏற்பாடு செய்தது. தேர்ந்தெடுத்த அதிகாரிகளை அலுவலகப் பணியிலிருந்து பத்து மாதம் விடுவித்து, முழுச் சம்பளத்தோடு கல்லூரிக்கு அனுப்பியது. வரலாறு, தத்துவம், அறிவியல் வரலாறு, இசை, ஓவியம், கட்டடக் கலை எல்லாம் படித்தார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'யூலிசிஸ்' என்னும் கடினமான நாவலையும் வரிவரியாக விவாதித்தார்கள். வார்ட்டனின் பள்ளி இருக்கும் அதே பல்கலைக்கழகம். அங்கே வணிகர்கள் வாணிபத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தார்கள்!

விளைவு என்ன? படித்தவர்கள் மாறினார்கள். முன்னைவிட மிகுதியாக நூல்கள் வாசித்தார்கள். ஒரு செய்திக்குப் பல பக்கம் உண்டு என்று பார்க்கப் பழகினார்கள். பொதுநலப் பணிகளிலும் குடும்பத்திலும் கவனம் வளர்ந்தது. அலுவலே உலகம் என்னும் எண்ணம் தளர்ந்தது. நிறுவனத்தின் ஆதாயக் கணக்கிற்கு அந்தக் கடைசி மாற்றம் உவப்பாக இல்லை. 1960-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

இந்தக் கதையை நான் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன். பொதுக் கல்வியால் வருமானம் பெருகும் என்று அதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது தவறு என்பேன். ஒரு கல்வி மனிதனைத் தன் முதலாளிக்கு வெளியேயும் சிந்திக்கச் செய்யுமானால், முதலாளிக்கு அது எப்போதும் இனிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நேர்மை.

இந்த வாதங்களின் எதிரொலி நம் நாட்டிற்கும் வந்தது. 1948-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் நம் டாக்டர் ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார் இருந்தார். அமெரிக்கர் இருவரும் இருந்தனர். ஒருவர் ஜான் டைகர்ட். புளோரிடாப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது, முதலிரண்டு ஆண்டு மாணவர்க்குப் பொதுக் கல்வி தரும் கல்லூரிப் பிரிவொன்றை அங்கே 1935-இல் தொடங்கியவர். மற்றொருவர் ஆர்தர் மார்கன். ஆண்டியாக் கல்லூரியில் மாணவர்கள் சில காலம் வகுப்பிலும் சில காலம் வேலைத்தலத்திலும் மாறிமாறிப் பயிலும் முறையை வளர்த்தவர். 1949-இல் வந்த அக்குழுவின் அறிக்கை, பட்ட வகுப்புகளில் பொதுக் கல்வி இடம்பெறவேண்டும் என்றது. வணிகவியல் மாணவர் மூன்று நான்கு வகை நிறுவனங்களில் நேரடிப் பயிற்சி பெறவேண்டும் என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே அறிக்கை சொன்னது என்பதை நினைவில் வையுங்கள். நம் கல்லூரிகளில் வணிகவியல் மாணவனும் தமிழும் ஆங்கிலமும் பயில்கிறான். சுற்றுச்சூழல் பற்றியும் ஒரு தாள் எழுதுகிறான். அவற்றை அவன் 'முதன்மைப் பாடத்திற்கு இடையூறு' என்று எண்ணுவதும் அமெரிக்க மாணவன் எண்ணுவதைப் போன்றதே.

சமரசத்தின் குறையைப் பின்னர்ச் சொல்வதாகக் கூறினேன். 1977-இல் கார்னகி அறக்கட்டளையே தன் நூலொன்றில் அமெரிக்கப் பொதுக் கல்வியின் நிலையைப் பேரிடர் நிகழ்ந்த பகுதிக்கு ஒப்பிட்டது. கட்டங்கள் நிரம்புகின்றன, கல்வி நிரம்பவில்லை என்பது குறை. 2011-இல் அதே அறக்கட்டளை வாணிப மாணவர்களின் இளங்கலைப் படிப்பை ஆராய்ந்து, உடற்பயிற்சிக்குத் தூக்கும் கர்லாவை உவமையாகக் காட்டியது. இரு முனையிலும் பாரம். ஒன்று பொதுக் கல்வி, மற்றொன்று வாணிபம். நடுவில் மெல்லிய தண்டு. இரண்டையும் இணைப்பது யார் பொறுப்பு என்று எவருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் இப்போது இளங்கலைப் பட்டம் பெறுவோரில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் வாணிபம் படித்தவர்கள். வேறெந்தத் துறையிலும் அத்தனை பேர் இல்லை. ஆகவே இது சிறிய குறையன்று.

கல்லூரி இணைக்காவிட்டால் மாணவனே இணைக்கவேண்டியதுதான். அன்று மாலை நாங்கள் மூவரும் தாளும் பென்சிலுமாக அமர்ந்தோம்.

முதலில் வாணிபப் பள்ளி முன்தேவையாகக் கேட்கும் பாடங்களைக் குறித்தோம். நுண்கணிதம், புள்ளியியல், பொருளியலின் இரு பகுதிகள், கணக்கியல். பொருளியல் அவன் கல்லூரியில் சமூக அறிவியல் கட்டத்தையும் நிரப்பும் என்றும், நுண்கணிதம் கணிதக் கட்டத்தை நிரப்பும் என்றும் தாளின் அடிக்குறிப்பில் இருந்தது. பையன் அந்தக் குறிப்பைப் படிக்கவே இல்லை! அதனால் மூன்று பாடங்களின் பணம் மிஞ்சியது. தந்தையின் முகம் சற்றுத் தெளிந்தது. இது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. சேர்ந்தவுடன் ஆலோசகரிடம் எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ளவேண்டும் என்று எச்சரித்தேன். கணிதத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் முதலாண்டிலேயே வைத்தோம். அவற்றில் பெறும் மதிப்பெண்ணைக் கொண்டுதான் மூன்றாம் ஆண்டு வாயில் திறக்கும். தவிரவும், எழுதத் தெரியாதவனுக்கு மற்ற எந்தப் பாடமும் கைகொடாது.

மற்றப் பொதுப் பாடங்களை எல்லாம் முதலாண்டிலேயே 'தொலைத்துவிட' அவன் விரும்பினான். அதை நான் ஒப்பவில்லை. தத்துவத் துறையில் அறவியல் பாடம் ஒன்று இருந்தது. அதை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளினோம். நிறுவனச் சட்டமும் தணிக்கையும் படிக்கும்போது அதைப் படித்தால்தான் அதில் கேட்க அவனுக்குக் கேள்வி இருக்கும். வரலாற்றில் பல பாடங்கள் இருந்தன. அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றைக் காட்டினேன். நாளை ஆட்களை வேலைக்கு அமர்த்தப் போகிறவன், அமர்த்தப்பட்டவர்கள் கதையைக் கேட்டிருக்கட்டுமே. தொடர்ந்து இரு பருவம் ஸ்பானிய மொழி படிக்க அவனே முன்வந்தான்.

வானியல்தான் கடைசி வழக்கு. புவியியல் எளிது என்று மூத்த மாணவர் ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை அவன் பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கே தொலைநோக்கி இருக்குமா ஐயா?" என்றான்.

"பாட விவரத்தில் ஆய்வுக்கூடம் என்று போட்டிருக்கிறதே" என்றேன்.

இரண்டாம் ஆண்டுக் கட்டத்தில் வானியல் என்று எழுதினான். நான்காம் ஆண்டில் ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான். தந்தை அதைச் சுட்டிக்காட்டியதற்கு, "அதை அங்கே போன பிறகு நிரப்பிக்கொள்கிறேன் அப்பா. அதற்குள் எனக்கு என்ன பிடிக்கும் என்று இப்போது எப்படித் தெரியும்?" என்றான்.